வளரும் பிள்ளைகளுக்கு உடலறிவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் உரையாற்றுவோர் தமிழின் தொன்மையைப் பற்றியும், சங்க இலக்கியத்தின் சிறப்பைப் பற்றியும் பேசுவது வழக்கம். யாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். புகைவண்டி நிலையத்தில் பார்சல் கணக்கு எழுதிப் பிழைப்பவர். ஆகவே புலவர்கள் பேச வேண்டியதைப் புலவர்களுக்கே விட்டுவிட்டு, தந்தை என்ற முறையில் எமக்குத் தெரிந்த ஒன்றைப் பேச விரும்பினோம். பள்ளிகளில் வளரும் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றியும் இனப்பெருக்கத்தைப் பற்றியும் முறையாகக் கற்பித்தல் வேண்டும் என்பதே அப்பொருள். செயலாளர் இதனைக் கேட்டுச் சற்றே தயங்கினார். "தாய்மார்களும் குழந்தைகளும் இருப்பார்களே, ஐயா" என்றார். "அவர்கள் இருப்பதனால்தான் பேசுகிறோம்" என்றோம். குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டிய சொல் ஒன்றுகூட இவ்வுரையில் வாராது என்று அவருக்கு உறுதி கூறியுள்ளோம். அவ்வுறுதியை இறுதிவரை காப்போம்.

நம்மவரிடையே ஒரு விந்தையான வழக்கம் உண்டு. வீட்டில் ஒரு பெண் குழந்தை பூப்பெய்தினால் அழைப்பிதழ் அச்சிடுகிறோம். மண்டபம் பிடிக்கிறோம். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளை ஊர்வலமாக எடுத்து வருகிறார். ஒலிபெருக்கி வைத்துத் தெருவெல்லாம் அறியச் செய்கிறோம். ஊருக்கே சொல்லிவிட்ட நாம், அந்தக் குழந்தைக்கு மட்டும் அவள் உடலில் என்ன நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, இனி மாதந்தோறும் என்ன நிகழும் என்பதைச் சொல்வதில்லை. சொல்லத் தகாத செய்தியாயின் ஊருக்கு ஏன் சொன்னோம்? ஊருக்கே சொல்லத் தக்க செய்தியாயின் உரியவளுக்கு ஏன் மறைத்தோம்?

இவ்வினாவைப் பிறரை நோக்கி யாம் தொடுக்கவில்லை. எம்மை நோக்கியே தொடுத்துக்கொள்கிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. இல்லத்தரசியார் ஒரு துக்கத்திற்காகச் சோலையார்பேட்டைக்குச் சென்றிருந்தார். எம் மகள் அப்பொழுது ஆறாம் வகுப்பு மாணவி, பதினோரு வயதினள். பள்ளியிலிருந்து வந்தவள் சீருடைப் பாவாடையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். உணவு கொள்ளவில்லை. வயிற்று வலி என்றாள். ஓமநீர் கொடுத்தோம். இரவு விளக்கை அணைத்தபின் இருளில் அவள் குரல் கேட்டது: "அப்பா, புற்றுநோய் வந்தால் எத்தனை நாள் உயிரோடு இருப்பார்கள்?"

எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி வாழ்ந்த ஒரு மூதாட்டியார் அவ்வாண்டு கருப்பைப் புற்றுநோயால் மறைந்திருந்தார். அவருக்குக் குருதி போயிற்று என்று பெண்கள் தாழ்ந்த குரலில் பேசியதைக் குழந்தை கேட்டிருந்தது. தனக்கும் குருதி வந்ததைக் கண்டதும் தானும் சாகப் போவதாக முடிவு செய்துகொண்டது. அவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு அன்று பிற்பகல் இரண்டு பாடவேளைகள் வகுப்பில் அமர்ந்திருந்தது. செய்தியை யாம் ஒருவாறு உணர்ந்துகொண்டோம். ஆயினும் மகளிடம் என்ன சொல்வது என்று எமக்குத் தெரியவில்லை. நாற்பது வயதைக் கடந்த ஆண்மகன், இருபதாண்டு அரசுப் பணி செய்தவன், பெற்ற பெண்ணுக்கு இரண்டு வாக்கியம் சொல்ல வாய் எழாமல் நின்றோம். பின்னர் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரின் கதவைத் தட்டினோம். அவர் வந்து குழந்தையைத் தம் பக்கத்தில் அமர்த்தி, அரைத் தமிழும் அரைக் கன்னடமுமாக, இது நோயன்று, வளர்ச்சி என்று சொன்னார். குழந்தை அதன்பின்தான் உணவு கொண்டது. பத்து நாள் கழித்து மண்டபம் பிடித்து விழா எடுத்தோம். இருநூறு அழைப்பிதழ் அச்சிட்டோம். உங்களுள் பலர் வந்து வாழ்த்தினீர்கள். அவ்விழாவில் மாலையோடு நின்றபொழுது எம் உள்ளத்தில் இருந்தது மகிழ்ச்சி மட்டுமன்று.

நிற்க. இது பெண் குழந்தைகளின் துன்பம் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. ஆண் பிள்ளைகளுக்கோ ஊரும் சொல்வதில்லை, வீடும் சொல்வதில்லை. அவர்களுக்குச் சொல்வது சுவர். புகைவண்டியில் செல்லும் எவரும் இதனைக் கண்டிருப்பர். பாதையோரச் சுவர்களிலும் பாலங்களின் அடியிலும் இளைஞர்களை அச்சுறுத்தும் விளம்பரங்கள் பல்லாண்டுகளாக எழுதப்பட்டு வந்தன. உறக்கத்தில் விந்து வெளிப்படுதல் நோய் என்றும், அதனால் உடல் உருகிப் போகும் என்றும், இல்லற வாழ்வுக்குத் தகுதி போய்விடும் என்றும், இன்ன நாளில் இன்ன ஊரில் இன்ன விடுதியில் வைத்தியர் தங்குவார் என்றும் அவை கூறும்.

1998-ஆம் ஆண்டில் யாம் பதினேழு வயதினராய் இருந்தபொழுது அத்தகைய சுவர் ஒன்றைப் படித்து அஞ்சினோம். தந்தையாரிடம் கேட்கத் துணிவில்லை. அவர் இருப்புப்பாதைப் பராமரிப்புத் தொழிலாளி. அன்பு மிக்கவர், ஆயினும் இத்தகைய பேச்சுக்கு இடந்தராதவர். பள்ளியிலோ, பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இனப்பெருக்கப் பாடம் வந்தபொழுது, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் பக்கங்களைத் திருப்பிவிட்டார். ஆகவே கடையில் மூட்டை சுமந்து ஈட்டிய முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு விடுதி அறைக்குச் சென்றோம். அங்கிருந்தவர் நாடி பிடித்துப் பார்த்து, "இன்னும் ஆறு மாதம் தாமதித்திருந்தால் கைவிட்டிருப்பேன்" என்றார். ஒரு பொடியைக் கொடுத்தார். பொடி தீர்ந்தது, அச்சம் தீரவில்லை. மேலும் நான்காண்டுகள் அவ்வச்சத்தைச் சுமந்தோம். வந்த வரன்களையெல்லாம் ஏதேதோ காரணம் கூறித் தட்டிக்கழித்தோம். இறுதியில் ஒரு மருத்துவர், "தம்பி, இது எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் நிகழ்வது, பால் பொங்கினால் வழிவது போல இயற்கையானது" என்று இரண்டே வாக்கியத்தில் அதனை நீக்கினார். அந்த இரண்டு வாக்கியத்தை ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் கூறியிருந்தால் எம் வாழ்வில் நான்காண்டுகள் மீந்திருக்கும்.

இத்தகைய விளம்பரங்களைத் தடுப்பதற்கு 1954-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் சுவர்கள் பேசிக்கொண்டே இருந்தன. காரணம், பள்ளி பேசவில்லை. உண்மை இருக்க வேண்டிய இடம் வெற்றிடமானால் பொய் அங்கே குடியேறும். இக்காலத்தில் சுவருக்குப் பதில் கைப்பேசி வந்திருக்கிறது. சுவரைப் படிக்கப் புகைவண்டியில் செல்ல வேண்டியிருந்தது. கைப்பேசியோ படுக்கைக்கே வருகிறது. அதில் பிள்ளைகள் காண்பது உடலறிவன்று. பெண்ணைப் பொருளாகவும் வன்முறையை இன்பமாகவும் காட்டும் வணிகமே. "இவற்றையெல்லாம் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாமா?" என்று கேட்கும் பெரியோர்களுக்கு யாம் பணிவுடன் கூறுவது இது: கற்பிக்கலாமா என்ற வினாவின் காலம் கடந்துவிட்டது. யார் கற்பிப்பது என்பதே இன்றைய வினா.

இனி, நாம் வாழும் இந்நகரத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1930-ஆம் ஆண்டில் அன்றைய மைசூர் அரசு, தன் மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்கள் திறக்குமாறு ஆணை பிறப்பித்தது. ஓர் அரசு தானே முன்வந்து இத்தகைய நிலையங்களைத் தொடங்கியது உலகிலேயே அதுவே முதன்முறை என்று வரலாற்று நூலோர் கூறுவர். மேலைநாடுகள் பலவற்றில் இப்பொருளைப் பேசுவதே குற்றமாக இருந்த காலம் அது. ஆடையில்லாத் தாய்மையும் அடுத்தடுத்த பேறும் பெண்களை மாய்த்ததைக் கண்டு ஓர் அரசு துணிந்து செயற்பட்டது இந்த மண்ணில்தான். தமிழகத்திலும் அதே காலத்தில் பெரியார், பெண்ணின் உடல்நலமும் உரிமையும் கருதிக் கருத்தடையை மேடைகளில் வெளிப்படையாகப் பேசினார்.

இதே மண்ணில் 2007-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது வேறு. நடுவண் அரசின் கல்வித்துறையும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் இணைந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்றை வகுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பின. அதிலுள்ள படங்களும் சொற்களும் நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்ற எதிர்ப்பு எழுந்தது. மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களோடு கர்நாடகமும் அதனை நிறுத்தி வைத்தது. 2009-ஆம் ஆண்டில் திரு. வெங்கையா நாயுடு அவர்கள் தலைமையில் அமைந்த மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டா என்று அறிக்கை அளித்தது. அக்குழுவினர் தீய எண்ணம் உடையவர் அல்லர். குழந்தைகளின் நலம் கருதியே அவ்வாறு கூறினர். ஆயினும் பாடத்தை நிறுத்தினால் பருவம் நின்றுவிடுமோ? அவ்வாண்டுகளிலும் குழந்தைகள் வளர்ந்துகொண்டுதான் இருந்தனர்.

பாடத்தை நிறுத்திய அதே 2007-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை வினவியதில், 53 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறினர். தொல்லை கொடுத்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், குழந்தை நம்பியவர்கள். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளுக்குக் குறையாத அளவில் துன்புற்றிருந்தனர். அன்னியரிடம் மிட்டாய் வாங்காதே என்று சொல்லி வளர்க்கும் நமக்கு இது பேரிடி அன்றோ? 2014-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆறு வயதுக் குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கேட்டுப் பெற்றோர்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கியதை நாம் அனைவரும் அறிவோம். நம் காலனியிலிருந்தும் சிலர் சென்றனர்.

இங்கேதான் நம் சங்கத்திற்கு உரிய செய்தி ஒன்று வருகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கண், காது, மூக்கு, கை, கால் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் கற்றுத் தருகிறோம். கழுத்துக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் உள்ள உறுப்புகளுக்கு நாம் கற்றுத்தந்த சொல் என்ன? ஒன்றுமில்லை. அவர்கள் அறிந்தவையெல்லாம் தெருவில் கேட்ட வசைச்சொற்களே. அவற்றைச் சொன்னால் வாயில் அடி விழும் என்பதையும் அவர்கள் அறிவர். இனி எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு எவனோ தீங்கிழைக்கிறான். அது தாயிடம் ஓடி வருகிறது. எந்தச் சொல்லால் அது சொல்லும்? வசைச்சொல்லால் சொன்னால் அடி விழும். வேறு சொல்லோ தெரியாது. "அந்த மாமா எனக்குப் பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லும். "பெரியவர்களை அப்படிச் சொல்லாதே" என்று நாம் அதட்டுவோம். அத்துடன் அந்தக் கதவு மூடிவிடும்.

தாய்மொழி என்று நாம் போற்றுவது, தாயிடம் குழந்தை தன் துன்பத்தைச் சொல்லும் மொழியை அன்றோ? நம் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? பூப்பு, மாதவிடாய், கருப்பை, சூலகம், விந்து, பிறப்புறுப்பு என்று தூய, மரியாதை மிக்க சொற்கள் நமக்கு உண்டு. பூப்பு என்ற சொல் தொல்காப்பியத்திலேயே உள்ளது. வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்து, காதலுக்கும் இல்லறத்திற்கும் இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. அறமும் பொருளும் கூறிய வள்ளுவர் அவற்றோடு நிறுத்தவில்லை. மூன்றாம் பாலுக்கு 25 அதிகாரங்கள், 250 குறட்பாக்கள் ஒதுக்கினார். இப்பொருள் மேலைநாட்டுச் சரக்கு என்று கூறுவோர் நம் முன்னோர்க்கு நீதி செய்தவராகார்.

சிலர் வேறொன்று கூறுவர்: "அறியாமல் இருந்தால் பிள்ளை ஒழுங்காக இருப்பான், அறிந்தால் கெடுவான்." இது நல்லெண்ணத்தில் பிறந்த அச்சமே. ஆயினும் உலக அனுபவம் இதற்கு மாறாக உள்ளது. சுவீடன் நாட்டில் 1955-ஆம் ஆண்டிலேயே பள்ளிகளில் இக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. யுனெசுகோ நிறுவனம் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலில், முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே தவறான வழியில் செலுத்துவதில்லை என்றும், சில இடங்களில் அவர்களைப் பொறுத்திருக்கச் செய்கிறது என்றும் கூறியுள்ளது. நம் உச்ச நீதிமன்றமும், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மேல்முறையீட்டில், 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் இதே கருத்தை வற்புறுத்தியது. இக்கல்வி ஒழுக்கக்கேட்டை வளர்க்கும் என்பது தவறான எண்ணம் என்றும், விரிவான கல்வித் திட்டம் ஒன்றை வகுப்பதற்கு வல்லுநர் குழு அமைப்பது பற்றி அரசு எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்றும் அது குறிப்பிட்டது. கைகாட்டி மரம் வண்டியை ஓடச் செய்வதில்லை. ஓடுகின்ற வண்டி மோதாமல் காப்பதே அதன் பணி. பருவம் என்னும் வண்டியோ நம்மைக் கேட்டுக்கொண்டு புறப்படுவதில்லை.

"நம் பண்பாட்டில் இத்தீங்குகள் வாரா" என்ற பேச்சும் பழையதே. எய்ட்ஸ் நோயைப் பற்றியும் அவ்வாறே கூறினர். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவர்தம் மாணவியாகிய நிர்மலா அவர்களும் மேற்கொண்ட ஆய்வினால்தான் இந்நோய்க் கிருமி நம் நாட்டில் உள்ளது என்று முதன்முதலில் தெரியவந்தது. கண்டறிந்தவர்கள் நம்மூர்ப் பெண்மணிகள். அவர்கள் வெட்கப்பட்டு வாளாவிருந்திருந்தால் இன்னும் எத்தனை உயிர்கள் மாய்ந்திருக்கும்! வெட்கம் நல்ல அணிகலன்தான். உயிர் போகும் இடத்தில் அதனைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

இனி, எதைக் கற்பிப்பது என்ற வினா. பெரியோர்கள் அஞ்சுவது போல எல்லா வயதினர்க்கும் எல்லாவற்றையும் சொல்வது இக்கல்வியன்று. ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் உறுப்புகளின் பெயரும், உள்ளாடை மறைக்கும் இடத்தைப் பிறர் தொடலாகாது என்பதும், தொட்டால் "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லி ஓடிவந்து நம்பிக்கைக்குரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் போதும். ஒன்பது வயதுக்குமேல் உடல் மாறும் முன்னரே மாற்றத்தைச் சொல்லிவிடல் வேண்டும். பெண் குழந்தைகளுக்கு எட்டு முதல் பதின்மூன்று வயதிற்குள்ளும், ஆண் குழந்தைகளுக்கு ஒன்பது முதல் பதினான்கு வயதிற்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு என்பர் மருத்துவர். ஆகவே எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் வண்டி போய்விடும். பதின்மூன்று வயதுக்குமேல் கருவுறுதல் எவ்வாறு நிகழ்கிறது, நோய்கள் எவ்வாறு பரவுகின்றன, சட்டம் என்ன கூறுகிறது, ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பவற்றைக் கற்பித்தல் வேண்டும்.

இதில் ஆண் பிள்ளைகளைத் தனியே விளையாட அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளை மட்டும் அமர்த்திப் பேசும் வழக்கம் பயனற்றது. தங்கைக்கு மாதவிடாய் என்றால் என்ன என்று அறிந்த அண்ணன் அவளைக் கேலி செய்யான். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணுவே என்று பள்ளியில் கற்ற ஆண்மகன், பெண்குழந்தை பெற்றாள் என்று மனைவியைப் பழிக்கான். அவன் தாயும் பழிக்க விடான். எத்தனை மருமகள்கள் தாம் செய்யாத குற்றத்திற்குக் கண்ணீர் விட்டனர் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்கள் எம்மைவிட நன்கு அறிவார்கள். மாதவிடாய்க் காலத் துணியின் இன்றியமையாமையை உணர்ந்து, மலிவான விலையில் அணையாடை செய்யும் பொறியைக் கண்டுபிடித்தவர் கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் என்ற ஆண்மகனே. அவருக்கு 2016-ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது வழங்கி நாடு பெருமை செய்தது. ஆண்மைக்கு அதனால் இழுக்கு வந்துவிடவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத எவரும் அச்சட்டத்தின்படி குழந்தையே, ஆணாயினும் பெண்ணாயினும். குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் கடமை. தெரிவிக்கத் தவறுதலே தண்டனைக்குரியது. "வெளியே தெரிந்தால் காலனிக்கு அவமானம், பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடலாம்" என்று இனி எவரும் கூறலாகாது. அது அறமுமன்று, சட்டமுமன்று. குழந்தையின் பெயரோ அடையாளமோ வெளிவராமல் காக்கவும் அச்சட்டம் வழிசெய்துள்ளது. 1098 என்ற தொலைபேசி எண் குழந்தைகளுக்கு உதவுவதற்கென்றே உள்ளது. மற்றொன்றையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் இசைவு சட்டத்தின் கண்ணில் இசைவாகாது. விரும்பித்தான் பழகினோம் என்று கூறிப் பயனில்லை. இதனை அறியாமல் சிறை சென்ற இளைஞர்கள் உண்டு. அறியாமை அவர்களைக் காக்கவில்லை.

இந்நகரத்தில் நற்பணிகள் நிகழாமல் இல்லை. மகப்பேறு மருத்துவர்களாகிய டாக்டர் சங்கீதா சக்சேனா, டாக்டர் சைப்யா சல்தானா ஆகிய இரு பெண்மணிகள் 2001-ஆம் ஆண்டில் என்ஃபோல்டு என்ற அமைப்பை இங்கே நிறுவிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இக்கல்வியை அளித்து வந்துள்ளனர். 2020-ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய பள்ளி நலத்திட்டத்தில், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துப் பதினொரு தலைப்புகளில் பாடம் நடத்த வழிவகுக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் கர்நாடகப் பள்ளிக் கல்வி அமைச்சரும் 8 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு இக்கல்வி அளிக்கப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பு வகுப்பறைக்குள் வந்து சேர்வது ஆசிரியரின் கையில் உள்ளது. எம் ஆசிரியர் பக்கத்தைத் திருப்பியது தீய எண்ணத்தால் அன்று. அவருக்கும் எவரும் சொல்லித் தரவில்லை. நாளைப் பெற்றோர்கள் வந்து சண்டையிடுவார்களே என்றும் அஞ்சினார். ஆகவே பெற்றோர்களாகிய நாம் பள்ளிக்குச் சென்று, "ஐயா, அப்பாடத்தை விடாமல் நடத்துங்கள், நாங்கள் உங்கள் பக்கம்" என்று கூறுதல் வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் வினவும் நாம் இனி இதனையும் வினவுவோமாக.

அரசும் பள்ளியும் செய்வது ஒருபுறம் இருக்க, நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்றினைச் செயற்குழுவின் முன் வைக்கிறோம். முதலாவது, ஞாயிறுதோறும் நாம் நடத்தும் தமிழ் வகுப்பில் உடலுறுப்புகளின் பாடத்தை அரைகுறையாக நிறுத்தாமல், மரியாதையான தமிழ்ச் சொற்களால் முழுமையாகக் கற்பித்தல். இரண்டாவது, ஆண்டுக்கு இருமுறை தமிழறிந்த பெண் மருத்துவர் ஒருவரையும் ஆண் மருத்துவர் ஒருவரையும் அழைத்து, முதலில் பெற்றோர்களுக்கும் பின்னர்ப் பிள்ளைகளுக்கும் வகுப்பு நடத்துதல். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் போடலாம் என்பதை அம்மருத்துவர்களே விளக்குவர். இரண்டு வீடு தள்ளி மறைந்த மூதாட்டியாரின் காலத்தில் அது இல்லை. நம் பேத்திகளுக்கு உண்டு. மூன்றாவது, பிள்ளைகள் எழுத்தில் வினாக் கேட்பதற்குப் பெயரெழுத வேண்டாத ஒரு பெட்டியை நூலக அறையில் வைத்தல். இவற்றிற்குச் செலவு மிகுதியன்று. இவ்வாண்டு விழாப் பந்தலின் வாடகையில் கால்பங்கும் ஆகாது.

எம் மகள் இப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். இவ்வுரையில் அவள் செய்தியைக் கூறலாமா என்று அவளிடமே கேட்டோம். சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். "கூறுங்கள், அப்பா. ஆனால் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையாவது அங்கே ஒளித்து வைத்திருந்தால் அம்மா போய்ப் பார்ப்பார்கள்" என்றாள். அவள் கூறியபடியே கூறிவிட்டோம்.

உறுதி கூறியபடி, முன்வரிசைக் குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டிய சொல் எதனையும் யாம் கூறவில்லை. இன்று இரவு வீட்டிற்குச் சென்றதும் அவர்கள் உங்களிடம் ஏதேனும் வினவுவார்கள். தாய்மார்களே, தந்தையர்களே, அப்பொழுது விளக்கை அணைத்துவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை, "நாளை கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறுநாள் மறவாமல் கேட்டுச் சொல்லுங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் குழந்தைகள்!